இருநூறுக்காகக் கடையை மூடுவது ஏன்?

கேள்வி: புரசைவாக்கத்தில் என் கணவர் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறார். கூட்டம் சேருகிறது என்று ஜூலை 31 முதல் ஆகஸ்ட் 9 காலை வரை கடையை மூடச் சொல்லிவிட்டது மாநகராட்சி. ஆடித் தள்ளுபடிக்கு எடுத்த சரக்கு அப்படியே கிடக்கிறது. மே மாதம் சென்னையில் கொரோனா தொற்று தினமும் ஏழாயிரத்துக்கு மேல் போனபோது மூடினார்கள், அது புரிந்தது. இப்போது இருநூறுதானே? மாமனாருக்கு 71 வயது. சாயங்காலம் ஆனால் சுகாதாரத் துறை அறிக்கைக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபது கூடிவிட்டால் அன்று ராத்திரி அவருக்குச் சாப்பாடு இறங்காது. கணவரோ எல்லாமே பொய்க்கணக்கு என்கிறார். தினமும் வீட்டில் வாக்குவாதம். போதாக்குறைக்கு, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவை வாரம் ஒரு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறது எங்கள் அபார்ட்மென்ட் சங்கம். எந்த எண்ணை நம்புவது? கடை திறந்தால் என்ன செய்வது?
— ஒரு வாசகி, சென்னை

பதில் (பொது சுகாதார மருத்துவர், ஆகஸ்ட் 4, 2021 நிலவரப்படி):

அன்புள்ள சகோதரிக்கு,

மாமனார், கணவர் இருவர் பக்கமும் ஆளுக்குப் பாதி நியாயம் இருக்கிறது. மாமனார் பார்க்கும் எண் உண்மையான எண்தான், ஆனால் அது இன்றைய நிலவரத்தைச் சொல்லவில்லை. கணவர் சொல்வதுபோல் கணக்கில் விடுபட்டவை நிறைய உண்டு, அதற்காக அதைப் பொய் என்று தள்ளவும் முடியாது. அந்த எண் எப்படி அறிக்கைக்கு வந்து சேருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண வீட்டில் ஒருவருக்குத் தொற்று ஏறுகிறது என்று வையுங்கள். இப்போது பரவும் டெல்டா வகையில் அறிகுறி தெரிய நான்கைந்து நாள் ஆகும். வியாழக்கிழமை தொண்டை கரகரக்கிறது. வெந்நீர், மிளகு ரசம், ஒரு பாராசிட்டமால் என்று ஒன்றிரண்டு நாள் ஓடிவிடும். சனிக்கிழமைதான் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ காய்ச்சல் முகாமுக்கோ போய் மாதிரி கொடுப்பார். பெயர், வயது, முகவரி, போன் நம்பர் எல்லாம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தளத்தில் பதிவாகி அவருக்கு ஓர் எண் கிடைக்கும். மாதிரிக் குழாய் ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். அதன்பிறகு ஒரே ஆள் இரண்டு இடத்தில் கொடுத்திருந்தால் ஒன்றை நீக்க வேண்டும், வெளிமாவட்டத்துக்காரர் சென்னையில் கொடுத்திருந்தால் அவர் மாவட்டத்துக்கு மாற்ற வேண்டும். இத்தனையும் முடிந்து அறிக்கையில் அவர் ஒரு ஆளாக ஏறும்போது அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும். கல்யாணம் முடிந்து ஒன்பது நாள்.

அதாவது மாமனார் இன்று பார்ப்பது போன வாரத்துக் கூட்டத்தின் கணக்கு. உங்கள் தெருவை மூடியதன் பலனும் ஆகஸ்ட் 8, 9 தேதிகளுக்கு முன்னால் எண்ணில் தெரிய வாய்ப்பில்லை. மூடிய மூன்றாம் நாளே டிவியில் "மூடியும் குறையவில்லையே" என்று விவாதம் நடத்துகிறவர்கள் இந்த நாள்கணக்கைப் பார்ப்பதில்லை. மரணங்கள் இன்னும் பிந்தும். அறிகுறி தொடங்கியதிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பெரும்பாலான இறப்புகள் நிகழ்கின்றன. தொற்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே இறப்பு ஏறும் நாட்கள் இருக்கும். அந்த நாட்களில்தான் ஆளாளுக்கு ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள்.

இன்னொன்று. "சென்னை" என்று அறிக்கையில் இருப்பது சென்னை மாவட்டம் மட்டும். தாம்பரம், பல்லாவரம் செங்கல்பட்டுக் கணக்கில் வரும். ஆவடி திருவள்ளூர்க் கணக்கில். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் ஆவடியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கணவருக்குத் தெரியும். ஆகவே சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர், காஞ்சிபுரம் நான்கையும் கூட்டிப் பார்ப்பதுதான் உங்கள் தொழிலுக்குப் பொருந்தும் எண்.

இப்போது மாமனாரின் இருபதுக்கு வருவோம். ஒரு நகரத்தில் தினமும் சராசரி 200 பேருக்குத் தொற்று உறுதியாகிறது, நிலைமை ஏறவுமில்லை இறங்கவுமில்லை என்று வைத்துக்கொண்டாலும், எண் தினமும் 200 ஆகவே வராது. தற்செயலாகக் கூடும், குறையும். எவ்வளவு என்பதற்கு எளிய கணக்கு உண்டு: சராசரியின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 200-இன் வர்க்கமூலம் 14. இரண்டு மடங்கு 28. அதனால் 172-க்கும் 228-க்கும் நடுவில் எது வந்தாலும் அதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒரே குடும்பத்தில் நான்கு பேருக்கு, ஒரே ஹாஸ்டலில் பத்துப் பேருக்கு என்று கொத்தாக வருவதால் நிஜத்தில் ஏற்ற இறக்கம் இதைவிடவும் அதிகமாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதிரி எடுப்பது குறைந்தால் திங்கள், செவ்வாய் எண்ணும் கொஞ்சம் சரியும். பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். 181 நேற்று, 205 இன்று என்றால் "ஏறுகிறது" என்று செய்தி போடுகிறவர்கள் போடட்டும், மாமனார் தாராளமாகச் சாப்பிடலாம்.

பார்க்க வேண்டியது வாரக் கூட்டுத்தொகை. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு எண்களைக் கூட்டுங்கள். அதை முந்தைய வாரக் கூட்டுத்தொகையால் வகுங்கள். விடை 1-க்குக் கீழே இருந்தால் இறங்குகிறது. 1.1 வரை வந்தால் கவனித்தால் போதும். 1.15 என்றால் ஐந்து வாரத்தில் இரண்டு மடங்காகும். 1.5 என்றால் பன்னிரண்டு நாளில் இரண்டு மடங்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: இன்று 200-இல் தொடங்கினால், வாரம் 1.15 வீதம் எட்டு வாரத்தில் 600 சொச்சம். வாரம் 1.5 வீதம் அதே எட்டு வாரத்தில் 5,000-க்கு மேல். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதுதான் ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தீர்மானிக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. இந்த வருடம் பிப்ரவரியில் சென்னையில் தினசரி எண் 150 அளவில்தான் இருந்தது. அப்போதும் "நூற்றைம்பதுதானே" என்றுதான் எல்லோரும் இருந்தோம். மே 12-ஆம் தேதி ஏழாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. ஏறக்குறைய பதினொரு வாரத்தில் ஐம்பது மடங்கு. கணக்குப் போட்டால் வாரத்துக்கு 1.4 மடங்குதான் வருகிறது. பார்க்கச் சின்ன எண். அதனால்தான் ஜூலைக் கடைசி வாரத்தில், மே 21-இன் உச்சத்துக்குப் பிறகு இறங்கிக்கொண்டே வந்த மாநில எண் நின்று லேசாக ஏறத் தொடங்கியதும் கோட்டையிலும் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையிலும் பதற்றம் வந்தது. ஆடித் தள்ளுபடி, ஆடிக் கிருத்திகை, ஆடிப்பெருக்கு எல்லாம் ஒரே வாரத்தில். ரங்கநாதன் தெரு, என்.எஸ்.சி. போஸ் சாலை, உங்கள் புரசைவாக்கம், கொத்தவால் சாவடி எல்லாவற்றையும் சேர்த்து மூடினார்கள். கோயில்களிலும் பக்தர்களுக்குத் தடை போட்டார்கள்.

பயம் நியாயமானது. மருந்து சரியா என்பது வேறு கேள்வி. பிப்ரவரிக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஜூன், ஜூலையில் தமிழக அரசு எடுத்த ரத்தமாதிரி ஆய்வில் மாநிலம் முழுக்க 66 சதவீதம் பேருக்கும் சென்னையில் 82 சதவீதம் பேருக்கும் எதிர்ப்பணுக்கள் இருந்தன. நோய் வந்து போனதாலோ தடுப்பூசியாலோ அந்த அளவு எதிர்ப்பு இருக்கும் ஊரில் பிப்ரவரியில் ஏறிய வேகத்தில் ஏறுவது கடினம். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன், புது வகை வந்தால் கணக்கு மாறும். ஆனால் இன்றைய 200-ஐ பிப்ரவரியின் 150-ஓடு அப்படியே ஒப்பிடுவது தப்பு.

தெருவாரியாக மூடுவதில் எனக்கு உடன்பாடு குறைவு. கூட்டம் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. ரங்கநாதன் தெரு மூடினால் பாண்டி பஜாரிலும் உஸ்மான் ரோட்டின் மறுகோடியிலும் நெரிசல் கூடும். அதைவிட மோசம், மூடப்போகிறோம் என்று அறிவித்த நாள். 2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்றதும் 25-ஆம் தேதி சென்னைக் கடைகளில் எப்படி முண்டியடித்தார்கள் என்பது நினைவிருக்கும். இந்த வருடம் மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று சொல்லி 22, 23 இரண்டு நாளும் எல்லாக் கடையையும் இரவு 9 வரை திறக்கவிட்டு, ஊருக்குப் போகப் பேருந்தும் விட்டார்கள். கோயம்பேடு இதற்கெல்லாம் பெரிய பாடம். 2020 மே 5-இல் சந்தையை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள்; அதற்குள் அங்கே வேலை பார்த்த தொழிலாளிகள் லாரியிலும் நடந்தும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாவட்டங்களின் எண் அடுத்த பத்து நாளில் ஏறியது. பத்து நாள் பூட்டுவதைவிட, கடை நேரத்தைக் காலை 7 முதல் இரவு 10 வரை நீட்டியிருந்தால் அதே ஜனம் அதிக நேரத்துக்குப் பரவியிருக்கும். நேரத்தைக் குறைத்தால் நெரிசல் கூடும் என்பது சாதாரண வகுத்தல் கணக்கு. எந்த எண்ணுக்கு வந்தால் திறப்போம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு மூடினால் வியாபாரிகளுக்கும் இவ்வளவு ஆத்திரம் வராது. மத்திய உள்துறை ஏப்ரலில் மாநிலங்களுக்கு அப்படி ஓர் அளவுகோல் கொடுத்தது: ஒரு வாரம் தொற்று விகிதம் 10 சதவீதத்துக்கு மேல், அல்லது ஆக்சிஜன், ஐசியூ படுக்கைகளில் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் அந்தப் பகுதியில் கட்டுப்பாடு. நாம் இப்போது அதற்கு வெகு கீழே இருக்கிறோம்.

தொற்று விகிதம் என்றேன். கணவரின் "பொய்க்கணக்கு" வாதத்துக்கு உரைகல் அதுதான். டெஸ்டைக் குறைத்தால் எண் குறையும், உண்மை. ஆனால் டெஸ்டைக் குறைத்து எண்ணைக் குறைத்தால் நூறு மாதிரியில் எத்தனை பாசிட்டிவ் என்ற விகிதம் ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அப்போது காய்ச்சல் அதிகமுள்ளவர்கள் மட்டும்தான் சோதனைக்கு வருவார்கள். தமிழகத்தில் இப்போது நாளுக்கு ஒன்றரை லட்சம் அளவில் மாதிரி எடுக்கிறார்கள், பாசிட்டிவ் இரண்டாயிரத்தை ஒட்டி. விகிதம் 1.3 சதவீதம். இரண்டு வாரம் தொடர்ந்து 5-க்குக் கீழே இருந்தால் பரவல் கட்டுக்குள் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் சொன்ன அளவு. இன்னொன்று, தமிழகம் ஆரம்பத்திலிருந்தே ஆர்டி-பிசிஆர் சோதனையை மட்டுமே நம்பியது. பல மாநிலங்கள் பாதிக்குமேல் ரேபிட் ஆன்டிஜென் எடுத்தன. அதில் தொற்று இருந்தும் நெகட்டிவ் வருவது அதிகம். அதனால் இரண்டு மாநிலத்து எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. மாமனார் கேரளத்தின் இருபதாயிரத்தைப் பார்த்தும் கவலைப்படுவார் என்று நினைக்கிறேன். ஐசிஎம்ஆரின் ஜூன்-ஜூலை ஆய்வில் அங்கே எதிர்ப்பணு இருந்தவர்கள் 44 சதவீதம்தான். நாட்டுச் சராசரி 67. இன்னும் தொற்றாதவர்கள் அங்கே அதிகம், அதனால் அலை நீளுகிறது.

கணவர் சொல்வதில் நியாயமான பாதி எது? எண்ணிக்கை எப்போதுமே குறைவுதான். 2020 ஜூலையில் சென்னையில் எடுத்த ஆய்வில் 21.5 சதவீதம் பேருக்கு எதிர்ப்பணு இருந்தது. மாநகரின் மக்கள்தொகைக்குக் கணக்கிட்டால் சுமார் 15 லட்சம் பேர். அந்த மாதக் கடைசியில் சென்னையில் உறுதியான தொற்று ஒரு லட்சம். பதினைந்துக்கு ஒன்றுதான் பிடிபட்டது. இதில் யாரும் ஒளிக்கவில்லை. அறிகுறி இல்லாதவர் சோதனைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். இறப்பு விஷயம் அப்படி இல்லை. 2020 ஜூலை 22 அன்று சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகளை ஒரே நாளில் கணக்கில் சேர்த்தார்கள். கொரோனா அறிகுறியோடு இறந்து டெஸ்ட் நெகட்டிவ் ஆனவர், டெஸ்டே எடுக்காமல் வீட்டில் போனவர், இவர்கள் கணக்கில் வருவதில்லை. இறப்பு எண்ணிக்கையைச் சந்தேகிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே அறிக்கையில் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு இறப்பும் தனித்தனியாக இருக்கிறது: வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், என்ன இணைநோய், எந்தத் தேதி அனுமதி, எந்தத் தேதி இறப்பு. அதை ஒரு முறை கணவரை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இன்றைய அறிக்கையில் உள்ளவர் நான்கு நாள் முன்னால் இறந்திருப்பார், பத்து நாள் முன்னால் அனுமதியாகியிருப்பார். வயதும் இணைநோயும் இருக்கும் வரிகளை நான்கு பக்கம் படித்தவர் "சாதாரணக் காய்ச்சல்" என்று பேசுவதைக் குறைத்துக்கொள்வார்.

அறிக்கையில் "சிகிச்சையில் இருப்போர்" என்று வரும் எண்ணும் பலரைப் பயமுறுத்துகிறது. அது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களின் எண் கிடையாது. லேசான தொற்றுள்ளவரை அறிகுறி தொடங்கிப் பத்து நாளில், மறு டெஸ்ட் இல்லாமலே குணமடைந்தவராகக் கணக்கிடுவது 2020 மே மாதத்திலிருந்து உள்ள விதி. ஆக அது கடந்த பத்துப் பதினைந்து நாளில் பாசிட்டிவ் ஆனவர்களின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமம், பெரும்பாலோர் வீட்டில்தான் இருப்பார்கள். படுக்கை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் மாநில அரசின் 'ஸ்டாப் கொரோனா' தளத்தில் ஆஸ்பத்திரி வாரியாக ஆக்சிஜன் படுக்கை, ஐசியூ படுக்கை எத்தனை காலி என்று இருக்கிறது. மே இரண்டாம் வாரம் அதைத் திறந்தால் வரிசையாக சைபர். அதுதான் பயப்பட வேண்டிய எண்.

மாமனாரிடம் அறிக்கை பார்க்காதீர்கள் என்று சொல்லாதீர்கள், கேட்க மாட்டார். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்து, வாரம் ஒரு முறை, ஞாயிறு அறிக்கை வந்த பிறகு, எழுதச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் நான்கு மாவட்ட வாரக் கூட்டுத்தொகை. இரண்டாவதில் முந்தைய வாரத்தால் வகுத்த விடை. மூன்றாவதில் மாநிலத் தொற்று விகிதம். நான்காவதில் சென்னையின் காலி ஐசியூ படுக்கை. இரண்டாம் கட்டத்தில் தொடர்ந்து இரண்டு வாரம் 1.3-க்கு மேல் வந்தால், விகிதமும் கூடவே ஏறினால், அப்போது வீட்டில் பேசலாம்: வெளிவேலையைக் குறைப்போம், மருந்து ஒரு மாதத்துக்கு வாங்கிவைப்போம் என்று. அதுவரை தினசரி எண்ணுக்கு வீட்டில் இடமில்லை. வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவதாக இருந்தால் அறிக்கையின் தேதி தெரிகிற முதல் பக்கத்தோடு அனுப்பட்டும். மே மாதத்து ஸ்கிரீன்ஷாட் இன்னமும் புதுசு என்று சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவருக்கு இரண்டாவது டோஸ் ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. கோவிஷீல்டு என்றால் முதல் டோஸிலிருந்து 84 நாள், கோவாக்சின் என்றால் 28 நாள். அறிக்கையைவிட இந்தத் தேதி முக்கியம். டெல்டாவுக்கு எதிராக, நாம் கோவிஷீல்டு என்று போடும் அதே தடுப்பூசி ஒரு டோஸில் சுமார் 30 சதவீதமும் இரண்டு டோஸில் 67 சதவீதமும் அறிகுறியுள்ள நோயைத் தடுக்கிறது என்று இங்கிலாந்தில் கணக்கெடுத்திருக்கிறார்கள். நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தடுப்பது இதைவிட அதிகம். ஒன்று போட்டுவிட்டேன் போதும் என்று இருப்பவர்கள் வயதானவர்களில் நிறையப் பேர்.

அபார்ட்மென்ட் சங்கத்துக்கு வருவோம். வேலைக்கு வரும் அம்மாவுக்கு வாரம் ஒரு டெஸ்ட் என்பது பயனில்லாத விதி. திங்கள் கொடுத்த மாதிரி நெகட்டிவ் என்று செவ்வாய் தாள் வரும், புதன் அவருக்குத் தொற்று ஏறலாம். அடுத்த திங்கள் வரை அந்தத் தாள் எல்லோருக்கும் பொய்யான தைரியம் தரும். தனியாரில் எடுத்தால் அவர் சம்பளத்தில் பெரும் பங்கு அதிலேயே போய்விடும். அவர் நாலு வீட்டுக்குப் போகிறார், நாலு வீட்டிலிருந்தும் அவருக்கு வரலாம் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. செய்ய வேண்டியது வேறு: அவருக்குத் தடுப்பூசி முகாமுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, மறுநாள் காய்ச்சல் வந்தால் இன்னொரு நாள். வீட்டில் இருக்கும் நேரம் முழுக்க அவரும் நீங்களும் முகக்கவசம், ஜன்னல் திறந்து, சமையலறை எக்ஸாஸ்ட் ஓட. அவர் சமையலறையில் இருக்கும்போது மாமனார் ஹாலில் இருக்கலாம். அவருக்கோ அவர் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்றால் வர வேண்டாம், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பிடிப்போம் என்றால் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வரத்தான் செய்வார், யாராக இருந்தாலும்.

சங்கம் பணம் செலவழிக்க விரும்பினால் லிஃப்டுக்குள் ஒரு ஃபேன் போடட்டும், ஒரு தடவைக்கு ஒரு குடும்பம் என்று எழுதி ஒட்டட்டும். பால் பாக்கெட்டைக் கழுவுவது, காய்கறிக்கு ஸ்ப்ரே, படிக்கட்டுக்கு தினம் பிளீச்சிங் பவுடர், இதெல்லாம் நிறுத்திவிடலாம். இந்த நோய் முக்கியமாகக் காற்றில் வருகிறது. பிளீச்சிங் பவுடரில் ஆபத்தும் உண்டு: கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சுக்குழாய் வெந்துபோகும். காவலாளியிடம் இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலக்காதே என்று மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

கடை. மேட்சிங் சென்டரில் பிரச்சினை எங்கே என்று பார்த்தால், கூட்டத்தைவிட ஒரு ஆள் நிற்கும் நேரம். புடவையை விரித்து, ரோலை ஒவ்வொன்றாக இறக்கி, டியூப்லைட்டில் ஒரு நிறம் தெரிகிறது என்று வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்து, மறுபடி உள்ளே வந்து, ஃபால்ஸும் லைனிங்கும் வெட்டி வாங்கிப் போக இருபது நிமிடம். அத்தனை நேரமும் கடைப் பையனும் வாடிக்கையாளரும் இரண்டடி தூரத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள். இதற்குத் தீர்வு கடைக்குள்ளேயே இருக்கிறது. நிறம் பார்க்கும் மேஜையை வாசலுக்கு நகர்த்துங்கள். எப்படியும் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள். உள்ளே ரோல் எடுக்கிறவர் மட்டும்.

அடுத்து காற்று. கடை 20-க்கு 12 அடி, உயரம் 10 அடி என்று வைத்தால் 2,400 கன அடி, அதாவது 68 கன மீட்டர். மணிக்கு ஆறு முறை காற்று மாற வேண்டுமென்றால் 400 கன மீட்டர் வெளியேற வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். வலை, தூசி, குழாய் எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று கணக்கிட்டு 600-க்கு மேல் உள்ளதாக வாங்குங்கள். அதைப் பின்சுவரில், கூரைக்குக் கீழே, காற்றை வெளியே தள்ளும்படி மாட்ட வேண்டும். வாசல் திறந்திருக்க வேண்டும். பெரும்பாலான கடைகளில் தவறு இங்கேதான்: எக்ஸாஸ்டை வாசலுக்கு மேலேயே மாட்டிவிடுவார்கள். வாசல் காற்றை வாசல் வழியாகவே வெளியேற்றிக்கொண்டிருக்கும், உள்கோடியில் காற்று அசையாது. சோதித்துப் பார்க்க ஒரு ஊதுபத்தி போதும். கடையின் உள்கோடியில், மூக்கு உயரத்தில் பிடியுங்கள். புகை நேராக மேலே போனால் அங்கே காற்று ஓடவில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் சாய்ந்து ஓடினால் சரி. துணிக் கடை, ஊதுபத்தியைக் கையைவிட்டு வைக்க வேண்டாம். ஸ்பிளிட் ஏசி உள்காற்றையே சுற்றுவதால் அது மட்டும் ஓடினால் போதாது. ஏசி போட்டாலும் எக்ஸாஸ்ட் ஓடட்டும், கரண்ட் பில் கொஞ்சம் கூடும்.

கடைப் பையன்களுக்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் நேரம் மதியச் சாப்பாடு. பின்னால் இருக்கும் சின்ன குடோனில் நாலு பேர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இரண்டிரண்டு பேராக, மொட்டைமாடியிலோ வாசலிலோ சாப்பிடச் சொல்லுங்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றே 104-க்கு அழைத்தோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியோ மாதிரி கொடுக்க வையுங்கள். முடிவு வரும்வரை கடைக்கு வேண்டாம், கூலி உண்டு.

9-ஆம் தேதி திறந்தால் ஆடி முடிய ஒரு வாரம்தான் இருக்கும். அந்த ஒரு வாரத்துக்குள் சரக்கை விற்றுத் தீர்க்க "கடைசி வாய்ப்பு" என்று போர்டு வைத்தால் நீங்களே கூட்டத்தைக் கூப்பிடுகிறீர்கள். அடுத்த முறை தெருவை மூட அதுவே காரணமாகும். தள்ளுபடியை ஆவணி இரண்டாம் வாரம் வரை நீட்டிவிடுங்கள். ஆகஸ்ட் 20 வரலட்சுமி நோன்பு, அதையொட்டிக் கல்யாண முகூர்த்தங்கள், ரவிக்கைத் துணி எப்படியும் போகும். வழக்கமான வாடிக்கையாளர்களின் போன் நம்பர் கணவரிடம் இருக்கும். புடவையை வெயிலில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பொருந்தும் இரண்டு மூன்று ரோலை முன்னாலேயே எடுத்து வைத்து, இந்த நேரத்துக்கு வாருங்கள் என்றால் இருபது நிமிடம் ஐந்தாகக் குறையும். போனில் நிறம் கொஞ்சம் மாறித் தெரியும், அதனால் வெட்டுவது மட்டும் நேரில் பார்த்த பிறகு. காலை 11 மணிக்கு முன்னால் வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஐந்து சதவீதம் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணி நெரிசல் கொஞ்சமாவது அந்தப் பக்கம் நகரும்.